புது டிரெய்லரும் கரூர் அப்பாவும்: பாலோ டூரோ பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, ஃப்ரிஸ்கோ (டெக்சஸ்)

பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக் விட்டாயிற்று. போன மாதம் வாங்கிய டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் நடமாடும் வீடு, இதுவரை ஸ்டோரேஜ் யார்டில் வாடகை தின்றுகொண்டு நிற்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசலில் அதை நிறுத்தி வைக்க விடாது. நாளைக் காலை முதல்முறையாக வெளியே எடுக்கிறோம்.

புது டிரெய்லரோடு முதல் பயணம் பக்கத்திலேயே இருக்கட்டும், ஏதாவது கழன்றால் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கிராண்ட் கேன்யனுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய பள்ளத்தாக்கான பாலோ டூரோ நம் டெக்சஸிலேயே இருக்கிறது என்று சின்னவன் வாயை விட்டதும், “அப்புறமென்ன, அங்கயே போலாம்” என்று சொல்லிவிட்டார். இங்கிருந்து கிட்டத்தட்ட 360 மைல். ஒரே மூச்சில் போகாமல், நடுவில் குவானா ஊருக்குப் பக்கத்தில் காப்பர் பிரேக்ஸ் பூங்காவில் ஒரு ராத்திரி தங்குவதாகத் திட்டம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் கரூரில் பஸ் பாடி கட்டியவர். தமிழ்நாட்டில் ஓடும் தனியார் பஸ்களில் நிறைய அங்கே பாடி கட்டியவைதான். லேலண்டோ டாடாவோ சேஸிஸ் மட்டும் வரும். அதன்மேல் கூண்டு எழுப்பி, தகடு அடித்து, சீட்டும் கண்ணாடியும் போட்டு, பெயர் எழுதி அனுப்புவார்கள். அப்படிப்பட்டவரை இன்று சாயங்காலம் யார்டுக்கு அழைத்துப் போனோம். டிரெய்லரைச் சுற்றி வந்தார். சுவரை விரல் முட்டியால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனார். குனிந்து ஆக்சிலைப் பார்த்தார். அப்புறம் உள்ளே ஏறி, அலமாரிக் கதவு ஒன்றைத் திறந்து, கீலை ஆட்டிப் பார்த்தார்.

“உள்ள என்னங்க மாப்ளே, மரச்சட்டமா?”

“ஆமாங்க மாமா. ரெண்டுக்கு ரெண்டு சட்டம். வெளியில அலுமினியத் தகடு.”

“சட்டத்த ஸ்டேப்ளர் பின்னுல அடிச்சிருக்கானுங்க.”

எடை குறைப்பதற்காக அப்படி என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். அப்பா தலையாட்டினார், ஒப்புக்கொண்ட தலையாட்டல் இல்லை அது.

எடை விஷயம் உண்மைதான். டிரெய்லரின் உச்ச எடை 6,500 பவுண்டு, அதாவது மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதை இழுக்கும் எங்கள் பிக்கப் டிரக் பத்தாயிரம் பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள் ஸ்டிக்கரை. அதில் வண்டி சுமக்கக்கூடிய பாரம் இருக்கும். எங்களுடையதில் 1,640 பவுண்டு. ஐந்து பேர் ஏறினால் 680. இரண்டையும் இணைக்கும் ஹிட்ச் மட்டும் நூறு. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மேல் அழுத்தும் எடை 700 வாக்கில். மிச்சம் என்ன இருக்கிறது, நீங்களே கூட்டிப் பாருங்கள். விறகு, ஜெனரேட்டர் எல்லாம் வீட்டிலேயே நின்றுவிட்டன. இட்லி மாவு மட்டும் ஏறிவிட்டது.

சனி இரவு, காப்பர் பிரேக்ஸ்

380 நெடுஞ்சாலையில் டிக்கேட்டர் வரை வந்து 287-ஐப் பிடித்தோம். வழியில் ஒரு டிரக் ஸ்டாப்பில் எடை மேடை. லாரிகளோடு வரிசையில் நின்று ஏறினோம். சீட்டில் முன் ஆக்சில் 3,260, பின் ஆக்சில் 3,620, டிரெய்லர் ஆக்சில்கள் 5,340 என்று வந்தது. எல்லாம் வரம்புக்குள். அந்தச் சீட்டை அப்பா வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவருக்கு முழுசாகப் புரிந்த முதல் காகிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அங்கேயே டார்க் ரெஞ்ச் எடுத்துச் சக்கர நட்டுகளைச் சரிபார்த்தோம். புதுச் சக்கரம் முதல் ஐம்பது மைலில் உட்காரும், நட்டு தளரும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. வலது பின்சக்கரத்தில் ஒன்று அரைச் சுற்று ஏறியது. “கையேடு எழுதுனவன் தொழில் தெரிஞ்சவன்” என்றார் அப்பா.

விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டினதும் ஊர்கள் குறைந்து வானம் பெரிதாகிவிடுகிறது. பருத்திக் காடு, காற்றாலை, மறுபடி பருத்திக் காடு. சிலிகாத்தேவுக்கு அப்புறம் தெற்கே சமவெளியில் தனியாக நான்கு கூம்புக் குன்றுகள் தெரிந்தன. மெடிசின் மவுண்ட்ஸ். அமெரிக்கப் பூர்வகுடிகளான கமாஞ்சி மக்களுக்குப் புனிதமான இடம். அடுத்து வரும் குவானா ஊருக்கே கமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரின் பெயர்தான். அவருடைய தாய் சிந்தியா ஆன் பார்க்கர் வெள்ளைக்காரப் பெண். 1836-இல் சிறுமியாக இருந்தபோது கமாஞ்சிகள் தூக்கிப்போய் வளர்த்தார்கள். 1860-இல் இந்தப் பக்கத்துப் பீஸ் ஆற்றங்கரையில் டெக்சஸ் ரேஞ்சர் படையினர் ‘மீட்டு’க் கொண்டுபோனார்கள். அந்தம்மா அதற்கப்புறம் சாகும்வரை கமாஞ்சிகளிடம் திரும்பிப் போகத்தான் பார்த்தார். பெரியவள் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

பூங்காவுக்குள் நுழைந்து டிரெய்லர் கதவைத் திறந்தால், தரை முழுக்கத் துவரம்பருப்பு. அலமாரிக் கதவின் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்து, டப்பா உருண்டு மூடி திறந்திருக்கிறது. வெளியே நீளும் அறைப்பகுதியான ஸ்லைடு அவுட்டின் அடியில், படுக்கைக்குக் கீழே, குளியலறை வாசலில், எங்கும் பருப்பு. நான் பெருக்க ஆரம்பிப்பதற்குள் அப்பா தாழ்ப்பாளைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்க்ரூவைக் காட்டினார். முக்கால் அங்குலம்கூட இல்லை. சட்டத்தில் ஏறவே இல்லை. மேலே ஒட்டிய மெல்லிசுப் பிளைவுட்டில் மட்டும் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

“இத எங்கூட்டுல ஒரு பையன் செஞ்சிருந்தான்னா, அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன் கண்ணு.”

இப்போதைக்கு நைலான் கயிறு கட்டியிருக்கிறது.

முகாம் போடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பக்கவாட்டு மட்டம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளைப் போட்டு அதன்மேல் ஏற்ற வேண்டும். அப்புறம் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. அது வைத்த பிறகுதான் பிக்கப்பிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கப்புறம் முன்பின் மட்டம், கடைசியில் நான்கு மூலைக்கும் ஜாக். மின்சாரம் முப்பது ஆம்ப். சர்ஜ் புரொடெக்டர் வழியாகத்தான் கொடுப்பது. குழாய்த் தண்ணீருக்குப் பிரஷர் ரெகுலேட்டர். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் தாங்காது.

எல்லாம் ஆயிற்று, வெந்நீர் வரவில்லை. ஹீட்டர் எரியும் சத்தம் கேட்கிறது, குழாயில் மட்டும் பச்சைத்தண்ணீர். படுக்கைக்கு அடியில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க, ஹீட்டரைத் தவிர்த்துத் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வுகள் உண்டு. வண்டியைக் கைமாற்றிக் கொடுக்கும்போது கடைக்காரர்கள் அவற்றைத் திரும்ப மாற்றிவைத்திருக்க வேண்டும். ‘முழுச் சோதனை முடிந்தது’ என்று கையெழுத்துப் போட்ட தாள் எங்களிடம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். வால்வுகளைத் திருப்பினோம். அரை மணியில் வெந்நீர் வந்தது.

இந்தப் பூங்கா 2014-இலிருந்து பன்னாட்டு இருள்வானப் பூங்கா, அதாவது விளக்கொளி கெடுக்காத இரவு வானத்துக்கு அங்கீகாரம் பெற்ற இடம். சாப்பிட்டு முடித்து விளக்கெல்லாம் அணைத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டோம். அப்பா மேற்கே கைநீட்டி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று பேரப்பிள்ளைகளுக்கு வரிசையாகக் காட்டினார். சின்னவன் போனில் இருக்கும் செயலியை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். “அப்பிச்சி சொல்றது கரெக்ட்” என்று சான்றிதழும் கொடுத்தான்.

ஞாயிறு, பாலோ டூரோ

விடியும் முன்பே கிளம்பினோம். மார்ச் மாதத்தில் டெக்சஸின் தலைப்பகுதியில் காற்றுதான் எஜமான். பதினொரு மணிக்கு மேல் தென்மேற்கிலிருந்து மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் வீசும் என்று முன்னறிவிப்பு. நாம் போவது வடமேற்கே. அப்படியானால் காற்று முழுக்க விலாவில்தான் வந்து அடிக்கும். டிரெய்லரின் பக்கச்சுவர் பெரிய பாய்மரம்.

சில்ட்ரஸ் தாண்டியதும் லேசாக ஆரம்பித்தது. எதிரே வரும் செமி டிரக்குகள் கடக்கும்போது முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். மெம்ஃபிஸ் பக்கத்தில் ஒரு தடவை பின்னால் வால் ஆடத் தொடங்கியதை எல்லோருமே உணர்ந்தோம். அந்த நேரத்தில் பிக்கப் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பின்னால் வருவது முன்னால் வரப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். இவர் அப்படியே செய்தார். இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிட்டது. காருக்குள் யாரும் மூச்சுவிடவில்லை. அப்பா மட்டும், “நல்லாப் புடிச்சீங்க மாப்ளே. இனி அம்பத்தஞ்சுலயே போலாமுங்க” என்றார். அதற்கப்புறம் ஐம்பத்தைந்துதான். பின்னால் வந்தவர்கள் முந்திக்கொண்டு போனார்கள், போகட்டும். ஒரு காலனுக்கு எட்டரை மைல் கிடைத்தது. வெறும் வண்டியில் இருபது கிடைக்கும்.

கிளாடு ஊரிலிருந்து குறுக்குச் சாலைகள். எங்கு பார்த்தாலும் தட்டை. பள்ளத்தாக்கு இருப்பதற்கான அறிகுறியே கிடையாது. பூங்கா வாசலைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனதும் தரை சட்டென்று முடிந்துபோகிறது. கீழே எண்ணூறு அடி ஆழத்தில் செக்கச்செவேல் என்று இன்னொரு உலகம். 120 மைல் நீளத்துக்கு இப்படிப் பிளந்து கிடக்கிறது. இவ்வளவையும் அறுத்தது ரெட் ரிவரின் ஒரு கிளை. இப்போது பார்த்தால் கணுக்கால் நனையுமா என்பதே சந்தேகம்.

கீழே இறங்கும் சாலை பத்து சதவீதச் சரிவு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை கொடுக்க அமைத்த சிசிசி படையினர் போட்டது. பூங்கா 1934-இல் திறந்தது. இறங்குவதற்கு முன் பாரம் இழுப்பதற்கான டோ ஹால் மோடு போட்டு, கியரைக் கீழே கொண்டுவந்து, எஞ்சின் பிடிமானத்திலேயே உருண்டோம். அடியில் ஒதுக்கி நிறுத்தியதும் அப்பா இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். நாலும் ஒரே சூடு. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரிவர்ஸ் எடுப்பது அடுத்தது. முகாம் மைதானங்களில் தம்பதிகள் சண்டை போடும் இடம் இது என்று கேள்விப்பட்டிருந்தோம். நான் கையைக் காட்டுவேன், இவர் வேறு பக்கம் திருப்புவார், நான் கத்துவேன், இவருக்குக் கேட்காது. ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அப்பா என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். பெரியவளின் பையில் தொங்கிய விசிலை வாங்கிக்கொண்டு, டிரைவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் போய் நின்றார். “ரெண்டு விசிலுன்னா வாங்க, ஒண்ணுன்னா நில்லுங்க. வேற எதையும் பாக்காதீங்க.” அப்புறம் நடந்தது கரூர் பஸ் ஸ்டாண்டு. பீப் பீப். “வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடிச்சு... வரலாம்...” பீப். “ஹோல்டான்!” மறுபடி பீப் பீப். பக்கத்து முகாமில் காப்பி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தாத்தா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். டிரெய்லர் கான்கிரீட் மேடையின் நடுவில் வந்து நின்றதும் கைதட்டினார். அப்பா விசிலைத் துடைத்துப் பெரியவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

திங்கள்

மேலே விளிம்பில் புழுதிக் காற்று, தீ அபாய எச்சரிக்கை. கேம்ப்ஃபயர் தடை. கீழே பள்ளத்தாக்குக்குள் அவ்வளவு இல்லை. ஆனாலும் வெளிக்கூரைத் துணியை விரிக்கவில்லை. எதிர்வரிசையில் ஒருவர் விரித்திருந்தார். மத்தியானம் அது கம்பியோடு கூரைமேல் மடிந்து கிடந்தது.

காலையில் லைட்ஹவுஸ் பாதை. முன்னூறு அடிக்கு மேல் தனியாக நிற்கும் பாறைத் தூண்வரை போய்வர ஆறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. நிழல் கிடையாது, வழியில் தண்ணீர் கிடையாது. கோடையில் இங்கே வெப்பத்தில் ஆட்கள் சாகிறார்கள். ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர் என்று நடைபாதை முகப்பில் எழுதியிருப்பது சும்மா இல்லை. அப்பா முதல் மைலோடு நின்றுவிட்டார், முழங்கால் வலி. அவர் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே செம்மண் பாறையில் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியது. ஜிப்சம். 25 கோடி வருஷங்களுக்கு முந்திய களிமண் பாறையில் தண்ணீர் இறங்கி இறங்கிப் படிந்தது. அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்து, பெரம்பலூர் காரையில் இதே பார்த்திருப்பதாகச் சொன்னார். சரிதான், காரைக் களிமண்ணிலும் ஜிப்சம் உண்டு. ஆனால் அது கடலடியில் படிந்த மண். இதைவிட வயது ரொம்பக் குறைவு.

ராத்திரி ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்ததோ இல்லையோ புகை அலாரம் கத்த ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு சின்ன இடத்தில் மிளகாய் வற்றல் போடுவது நடவாத காரியம். இனி தாளிப்பு மட்டும் வெளியே மேசையில், ஒற்றை பர்னர் அடுப்பில்.

செவ்வாய்

வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிவிட்டது. நேற்று அரைக்கைச் சட்டை, இன்றைக்கு ஸ்வெட்டர். ராத்திரி 29 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போகும் என்கிறார்கள். தண்ணீர் ஹோஸைக் கழற்றி வடித்து உள்ளே எடுத்து வைத்தாயிற்று. இன்று ராத்திரிக்கு டேங்க் தண்ணீரும் பம்பும்தான். ஃபர்னஸ் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் உறக்கத்திலிருந்து தூக்கிப் போடுகிறது. ஆனால் கதகதப்பு நன்றாகவே இருக்கிறது.

வெளியே சுற்ற முடியாததால் வண்டியிலேயே பூங்காவைச் சுற்றினோம். வழியில் 1874-ஆம் ஆண்டுச் சண்டையைப் பற்றிய பலகை. அந்த ஆண்டு செப்டம்பர் 28 விடியற்காலை, அமெரிக்க ராணுவக் கர்னல் மெக்கன்சியின் குதிரைப்படை செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கி, இங்கே குளிர்காலத்துக்காகக் கூடாரம் போட்டிருந்த கமாஞ்சி, கயோவா, ஷையன் மக்களைத் தாக்கியது. செத்தவர்கள் சிலர்தான், பெரும்பாலோர் பாறை ஏறித் தப்பிவிட்டார்கள். ஆனால் கூடாரங்களையும் சேர்த்து வைத்த உணவையும் படை கொளுத்தியது. பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மறுநாள் சுட்டுக் கொன்றது. குளிர்காலம் வாசலில் நிற்க, சாப்பாடும் இல்லை, குதிரையும் இல்லை. அடுத்த ஜூனில் குவானா பார்க்கரும் ஃபோர்ட் சில் ராணுவக் கோட்டையில் போய்ச் சரணடைந்தார். 29 டிகிரிக்கு நாங்கள் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு பதறுகிறோம்.

சாயங்காலம் அப்பா கூரைமேல் ஏறியே தீருவேன் என்றார். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். குளியலறைக் காற்றுப்போக்கியைச் சுற்றிப் பூசிய சீலன்ட்டில் ஒரு விரல்கடை இடைவெளி. மழை பெய்திருந்தால் தெரிந்திருக்கும். டிரெய்லரைக் கொல்வது சாலை இல்லை, தண்ணீர். ஒருமுறை சுவருக்குள் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். அப்பாவுக்கு இது யாரும் சொல்ல வேண்டியதில்லை. “பஸ்ஸுலயும் கூரை ஒழுக்குதான் மொதல்ல பாக்கோணும்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

புதன் இரவு, வீடு

கிளம்பும் முன் கழிவுநீரைக் காலிசெய்யும் டம்ப் ஸ்டேஷன். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், குளியல் சமையல் தண்ணீரை அப்புறம். அந்தத் தண்ணீர் போகிற போக்கில் குழாயைக் கழுவிவிடும். கையுறை மாட்டிக்கொண்டு இவர் முடித்தார். சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வர்ணனை செய்தான். அவ்வளவுதான், சொல்ல வேறொன்றும் இல்லை.

மேலே ஏறும்போது எஞ்சின் முனகியது, சூடாகவில்லை. திரும்பும் வழியெல்லாம் வடக்குக் காற்று முதுகில். காலனுக்குப் பன்னிரண்டு மைல். கயிறு கட்டிய அலமாரி அசையவில்லை.

வழியில் அப்பா பூங்கா வரைபடத்தின் பின்பக்கம் தமிழில் ஒரு பட்டியல் எழுதினார். கூரை சீலன்ட். தாழ்ப்பாள் ஸ்க்ரூ, எல்லாக் கதவும். சிங்க் அடியில் வளைகுழாய் நட்டுக் கசிவு (கையால் இறுக்கியது, வாஷர் மாற்றவும்). இடது பின்மூலை ஜாக் வளைவு. படுக்கைக்கு அடியில் ஒயர் கூர்மையான தகட்டில் உரசுகிறது, ரப்பர் புஷ் இல்லை. இப்படி ஒரு பக்கம் முழுக்க. பெரியவள் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, படங்களோடு டீலரின் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பினாள். ஒயர் உரசல் விஷயத்தை நாங்கள் யாரும் கவனித்திருக்கவே மாட்டோம்.

வீடு வந்து சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது: வேலை நெருக்கடி, வண்டியை ஏப்ரல் 21-ஆம் தேதி கொண்டுவந்து விடவும். அப்பாவுக்கு ஊருக்கு டிக்கெட் ஏப்ரல் 9. தாழ்ப்பாளும் வாஷரும் அதற்குள் தானே பார்த்துவிடுவாராம், நாளைக்கு ஹார்டுவேர் கடைக்கு அழைத்துப்போக வேண்டும். கூரை வேலையை மட்டும் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். டிக்கெட்டை மாற்ற எவ்வளவு கேட்பார்கள் என்று இவரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.